கொட்டாவி எந்தப் பக்கம் நடக்கும்

மார்ச் 11, செவ்வாய். ஐந்தாம் பலகையில் 'மெதுவாக நட' என்றிருந்தது. கவனிக்காமல் வேகமாகப் போய்விட்டு, நாய் இழுத்துவிட்டது என்று சொன்னேன். இழுத்தது நான்தான்.

டைரியில் இதை எழுதிவிட்டு, அந்த வீட்டின் இளைய மகள் சின்னவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தவறாவது புரிந்தது. புரியாத ஒன்று மண்டையைக் குடைந்தது.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை; மாலையில் நாயோடு ராலி ஒபீடியன்ஸ் என்ற கீழ்ப்படிதல் பயிற்சி வகுப்பு. கூடத்தில் எண் போட்ட பலகைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: உட்கார வை, சுற்றி வா, மெதுவாக நட. நாயோடு பேசலாம், கொஞ்சலாம். ஆனால் நாய் ஆளின் இடப்பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

அவளுடைய நாயின் பெயர் கொட்டாவி. பாதி தூரம் தங்கமாக வரும். திடீரென்று அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் போய், பெரிய காரியம் செய்ததுபோல அண்ணாந்து பார்க்கும். செருப்பை மாற்றிப் பார்த்தாள், கயிற்றை மாற்றிப் பார்த்தாள், பிஸ்கட்டையும் மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"தங்கச்சி, உன் நாய்க்குக் கல்யாண மேடைன்னு நெனப்பு. உன்னைச் சுத்திச் சுத்தி வருது," என்றார் இன்றைய வகுப்பில் கூட நடந்த பிளம்பர் அண்ணன். அவருடைய குட்டைக்கால் நாய் பலகைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தது.

"உங்க நாய் மட்டும் என்னவாம்ணே? பைப் லீக்கான்னு பாக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி தரும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சுவர் ஓரமா வர்றப்பதான் மாறுது, கவனிச்சியா? ஞாயித்துக்கிழமை போட்டிக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி."

சுவருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்? படுத்தும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கடையில் பிற்பகல்தான் வேலை. காலையில் அப்பாதான் கொட்டாவியைக் கூட்டிக்கொண்டு போவார். கீழே விழுந்து வலது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் வாசல் தாண்டுவதே இந்த நாய்க்காகத்தான். "நாய் பாவம், காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கிளம்புவார். பால் வாங்கப் போனவள் தெருமுனையில் இருவரையும் பார்த்து நின்றுவிட்டாள்.

அப்பா இடது கையால் மதில்சுவரைத் தடவிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். 'சுவர் எதுக்கு, நல்லாத்தான் நடக்கிறேன்' என்று வீட்டில் அடித்துச் சொல்கிறவர். அவருடைய வலப்பக்கத்தில், காலுக்குக் கால் மெதுவாக, கயிறு துளியும் இறுகாமல் கொட்டாவி போய்க்கொண்டிருந்தது.

ஓ. இடப்பக்கம் சுவர் இருந்தால் வலப்பக்கம் நடக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒழுங்கைத்தான் அது கூடத்திலும் காட்டியிருக்கிறது.

ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டாள். "அப்பா, ஒரே ஒரு தடவை இடப்பக்கம் விட்டுப் பாருங்களேன்."

"உங்க கிளாஸ் சட்டமா? சரி, பாப்போம்."

சுவருக்கும் அவருக்கும் நடுவில் நாய் வந்தது. கை சுவரை விட்டது. இரண்டாவது எட்டிலேயே கால் தடுமாறியது. சின்னவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கேட்டைப் பார்த்தார்.

"நாய் தள்ளிவிட்டுருச்சு," என்றார்.

"ஆமாப்பா, தள்ளிருச்சு. வலப்பக்கமே வரட்டும்."

"உன் போட்டி?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க நடங்க."

சொல்லிவிட்டாளே தவிர, எதைப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. மதியம் கடையிலிருந்து பயிற்சி அக்காவுக்குப் போன் போட்டு, காலையில் பார்த்ததைச் சொன்னாள்.

"காலைல உங்கப்பா கூட்டிட்டுப் போறதை நிறுத்தினா ரெண்டு வாரத்துல சரியாயிடும்," என்றார் அக்கா.

"நிறுத்த முடியாதுக்கா. அப்பாவும் நின்னுடுவாரு."

"அப்ப நாய்க்கு ரெண்டு வேலைன்னு புரிய வைக்கணும். காலைக்கு நெஞ்சுல மாட்டுற பெல்ட், கிளாஸுக்குக் கழுத்து பெல்ட். பெல்ட்டைப் பாத்து எந்த வேலைன்னு கத்துக்கும். ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது."

"அப்ப எங்க பேரை எடுத்துடுங்கக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு மாசமா இதுக்குத்தானே உயிரை விட்ட?"

"எடுத்துடுங்க." போனை வைத்த பிறகும், செய்தது சரியா என்று தெரியவில்லை. நாய்க்குக் குழப்பம் தீருமா, இல்லை இன்னும் கூடுமா என்றும் தெரியவில்லை.

மார்ச் 12, புதன். போட்டியில் இல்லை. காரணத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. நாளை காலை ஆறு மணிக்கு, அப்பா செருப்பு போடுவதற்கு முன், கொட்டாவிக்கு நெஞ்சு பெல்ட்டை மாட்டிக் கயிற்றை அவருடைய வலது கையில் கொடுக்க வேண்டும்.