பெனடிக்ட் நீலம்

அப்பா காணாமல் போய் இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. கிணத்துக்கடவு சந்தைக்கென்று முந்தின நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறியவர். இறங்கும் இடம் மறந்திருக்க வேண்டும். பாலுசாமி மாமா பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில்தான் போன். நான் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வேறெதுவும் செய்யத் தோன்றாமல், குளியலறைச் சுவர்மேல் வழக்கம்போல் இருந்த சிறுநீர் பாட்டிலை எடுத்தேன். பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கு. பல மாதமாக என் காலை வேலை. சர்க்கரை இல்லாவிட்டால் நீலம்; இருந்தால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். ஆஸ்பத்திரியில் செங்கல் நிறம் காட்டிய அப்பாவுக்கு, என் கையில் ஒருநாளும் நீலம் மாறியதில்லை. என் பத்தியச் சமையலால் என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, இன்னைக்கு என்ன கலரு?" என்று சீண்டுவார் அப்பா. நீலம் என்றதும் அம்மாவிடம் திரும்புவார். "அப்பறமென்ன, காப்பிக்குச் சக்கரை போடு."

மறதி கூடியபோது கோவை டாக்டரிடம் போனோம். "இந்தச் சக்கரை வியாதியில இன்சுலின் இருக்கும், ஆனா அதோட பேச்சை உடம்பு கேக்காது. மூளையும் அப்படித்தானோ, மறதி அதனாலயோன்னு இப்பத்தான் ஆராயறாங்க. எதுக்கும் ரத்தம் பாத்துரலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "வேண்டாமுங்க. அம்மணி பி.எஸ்ஸி. படிச்சவ, தினமும் பாக்கறா. நீலந்தானுங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை.

சூடாக்கிய சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிந்த நீலம். அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

நேற்றிரவு அவர் வீட்டிலேயே இல்லை.

குழாயோடு அடுப்படிக்குப் போனேன்.

"ஏனுங்மா, இது யாருதுங்க?"

அம்மா குழாயைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "காத்தால பழக்கத்துல வெச்சுபோட்டேன்."

"யாருதுன்னு கேட்டேன்."

"என்னுதுதான் கண்ணு. மொத நாள்லயிருந்து. ஊசி போட்டுருவாங்கன்னு அவரு அழுதாரு..."

குழாய் விரலைச் சுட்டது. நான் விடவில்லை.

"அப்பறம் அவருக்கே அது மறந்துபோச்சு, அம்மணி. நெசமாலுமே தனக்கு நீலம்னு நம்பிட்டாரு."