தொடாமல் போன காப்பி

உஞ்சாட்டுக்கு மூக்கு பெரிது. கர்வம் அதைவிடப் பெரிது. ரூமா செம்பாய் நீள்வீட்டில் ஒரே கூரையின்கீழ் வாழும் இருபத்திரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஆற்றங்கரையில் கட்டிய சுற்றுலா விடுதிக்கு ஒன்பது வருடமாக அவன்தான் வழிகாட்டி. படகின் முனையில் கழியோடு நின்றுகொண்டு, "அதோ!" என்று கை நீட்டுகிற வேலை. ஆனால் மூன்று வாரமாகக் கை நீட்ட ஒன்றும் அகப்படவில்லை. ஒராங்குட்டான் பார்க்க வந்தவர்கள் அட்டைக்கடியோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

நீள்வீட்டுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. விடுதியில் சமைக்கிற சும்பிங், அவன் மனைவியின் தங்கை, எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

"அத்தான் காடு பூரா அலைஞ்சும் பாக்காததை நான் அடுப்படி ஜன்னல்லயே பாக்குறேன். படகை என்கிட்ட குடுங்க. அவரு கரண்டி பிடிக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு விட்டிருக்கலாம். "செவ்வாய்க்கிழமைக்குள்ள காட்டலைன்னா கரண்டிதான்" என்று தலைவர் முடிவே சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, கூச்சிங் நகரத்திலிருந்து வந்த மேடம் லிங்கையும் அவர் தோழிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. பத்து முழம் நகர்ந்திருக்காது, சும்பிங் படித்துறைக்கு ஓடிவந்தாள்.

"அத்தான்! காப்பி! குடிச்சிட்டுப் போங்க!"

உஞ்சாட் காதே கேட்காதவன்போல மேகத்தை ஆராய்ந்தான். இபான் குடிகளின் வழக்கம் இது: குடிக்கக் கூப்பிட்டால் குடிக்க வேண்டும். நேரமில்லை என்றால் விரலாலாவது தொட்டுவிட்டுப் போக வேண்டும். தொடாமல் போனவனைப் பாம்போ முதலையோ தேடிக்கொண்டு வரும். இதை நம்பாத இபான்காரன் எங்காவது இருக்கலாம். அவன் ஆற்றில் இறங்கமாட்டான்.

'கழுதை, வேணும்னே கூப்பிடுறா' என்று மனதுக்குள் திட்டினான். பின்னால் இஞ்சின் பிடித்திருந்த ஜெலியானுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, கூப்பிட்டாளே!"

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு. நீ செத்தா செத்துப்போ, நானும் இதே படகுலதான இருக்கேன்!"

முதல் வளைவில் இஞ்சின் விசிறி கல்லில் இடித்து ஆணி ஒடிந்தது. மாற்றினார்கள். இரண்டாவது வளைவில் குளவி ஒன்று உஞ்சாட்டின் காதில் கொட்டியது. கேட்காத காதில்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்றாவது வளைவில் கிளையிலிருந்து பச்சைப்பாம்பு ஒன்று அவன் காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. மேடம் லிங் ஆசை ஆசையாகப் படம் எடுத்தார். உஞ்சாட்டுக்கு வேர்த்துக் கொட்டியது.

"மேடம், திரும்பணும். ஒண்ணு மறந்துட்டேன்."

"என்ன, மருந்தா?"

"காப்பி."

"ஏம்ப்பா, நாங்க காசு கட்டி வந்தது நீங்க காப்பி குடிக்கிறதைப் பாக்கவா?"

வேலை போச்சு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. உயிராவது மிஞ்சட்டும் என்று படகைத் திருப்பச் சொன்னான்.

படித்துறையில் சும்பிங் உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள். அவள் மறு கையிலிருந்த காப்பிக் கோப்பையை உஞ்சாட் தொட்டான், கும்பிடாத குறை. அவள் அதைக் கவனிக்காமல் எல்லோரையும் பூனை நடையில் அடுப்படிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே காட்டுப்பலா மரத்தில் ஒரு தாய் ஒராங்குட்டான். மார்பில் குட்டி. பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு, சட்டை பண்ணாமல் கீழே கொட்டையைத் துப்பியது. ஒரு கொட்டை மேடம் லிங்கின் தொப்பியில் விழுந்தது. அவர் அழுதேவிட்டார்.

"விஷயத்தைச் சொல்லிக் கத்தியிருந்தா ஊர்ப் பிள்ளைங்க பூரா ஓடிவந்து அதை வெரட்டியிருக்கும்" என்று சும்பிங் அவன் காதில் கிசுகிசுத்தாள். "காப்பின்னா நீங்க மட்டும் திரும்புவீங்க. அதுக்குப் போய் இவ்வளவு நேரமா?"

முக்கால் மணி நேரம் கழித்து அது காட்டுக்குள் போனது. மேடம் லிங் உஞ்சாட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைவரும் வந்து நின்றார்.

"ஆத்துல இருந்துக்கிட்டே எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க? காப்பின்னு சொல்லி எங்களை நல்லா ஏமாத்திட்டீங்க!" என்றார் மேடம்.

உஞ்சாட் மூக்கைத் தொட்டான். "வாடை மேடம். காத்துல வந்துச்சு."

சும்பிங் மறுக்கப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ தலையை ஆட்டினாள். "ஆமா மேடம். அத்தான் மூக்கு அப்படி."

அதுதான் அவனைக் கொன்றது. அவள் கேலி செய்திருந்தால் திருப்பிக் கேலி செய்திருப்பான். ஒன்பது வருடத்தில் இவ்வளவு வெட்கம் அவனுக்கு வந்ததில்லை.

"இல்ல மேடம், பொய் சொன்னேன். பாத்தது இவ. நான் பாம்புக்குப் பயந்து ஓடிவந்தேன்."

மேடம் லிங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு எங்களை யாரு கூட்டிட்டுப் போறது?"

தலைவர் உஞ்சாட்டைப் பார்த்தார். உஞ்சாட் கழியைச் சும்பிங்கிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டான்:

"சோத்துக்கு எத்தனை குவளை தண்ணி வைக்கணும்?"