கடைவாய்ப்பல்லும் கடைசிப் புத்தகமும்

என் மனைவி பெரிய எழுத்தாளர். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அவள் புத்தகம் ஒன்றாவது கிழிந்த அட்டையோடு கிடக்கும். என்னைத்தான் யாருக்கும் தெரியாது. விழா மேடைகளில் "எழுத்தாளரின் கணவர்" என்று சொல்லி, ஒரு பூங்கொத்தைக் கையில் திணித்து, ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நிற்கிறேன், எனக்கென்ன. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் எழுத்தாளர் ஆனது என்னுடைய நாற்காலியில்தான். பல் பிடுங்குகிற நாற்காலியில்.

நான் பல் டாக்டர். கல்யாணமான புதிதில் கிளினிக்கில் கூடமாட ஒத்தாசைக்கு அவள்தான் வருவாள். ஒரு நாள் ஒரு சிறுமி வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் கெஞ்சினேன், அவள் அப்பா மிரட்டினார். கடைசியில் திறந்தாள், என் விரலைக் கடிப்பதற்காக. நான் விரலை உதறிக்கொண்டு நிற்கையில், என் மனைவி நாற்காலியின் தலைமாட்டில் போய் நின்று, "ஒரு நத்தை இருந்துச்சு. அது தன் வீட்டை வாடகைக்கு விட்டுடுச்சு. பாத்தா, சாயங்காலமே மழை வந்துடுச்சு" என்றாள். சிறுமி வாயைப் பிளந்தாள். நான் பல்லைப் பிடுங்கிவிட்டேன். அது போனதே அவளுக்குத் தெரியவில்லை. "அப்புறம் நத்தை எங்க தூங்குச்சு?" என்று கேட்டாள், ரத்தமும் எச்சிலுமாக.

அதுதான் முதல் புத்தகம். பிறகு எல்லாப் புத்தகங்களும் அதே வழியில்தான் வந்தன. கதையில் எந்த இடத்தில் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்களோ, அங்கே அத்தியாயம் முடியும். வாய் மூடியே இருந்தால் அந்தப் பக்கம் குப்பைக்கூடைக்குப் போகும். அவளுடைய அத்தியாய முடிவுகளைப் பற்றி விமர்சகர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது? அத்தனையும் பால்பல்.

போன வருடம் என் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையோடு அடுத்தவர் வாய்க்குள் போகக் கூடாது. கிளினிக்கை மகளிடம் ஒப்படைத்தேன். அவளும் பல் டாக்டர், என்னைவிடக் கெட்டிக்காரி. நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு டிவியை மாட்டிவிட்டாள். பிள்ளைகள் மல்லாந்து படுத்துப் பொம்மைப் படம் பார்க்கிறார்கள், சத்தமே இல்லை. என் மனைவி வழக்கம்போலத் தலைமாட்டில் போய் நின்று புதுக் கதையை ஆரம்பித்தாள். படுத்திருந்த பொடியன், "பாட்டி, மறைக்குது" என்றான்.

அன்றோடு சரி. பாதி எழுதிய கதையைப் பரண்மேல் போட்டுவிட்டாள். "இனிமே எழுதறதா இல்ல. கேக்க ஆளில்லாம யாருக்குச் சொல்றது? வாய் தொறக்குதா இல்லையான்னு பாக்காம எழுதினா அது கதையா, கட்டுரையா?" என்றாள்.

பதிப்பாளர் போன் செய்தால் என்னைப் பேசச் சொல்வாள். "குளிக்கிறாங்க" என்பேன். "என்ன சார், மேடம் எப்பப் பாத்தாலும் குளிச்சுக்கிட்டே இருக்காங்க" என்று அவர் அலுத்துக்கொள்வார். எழுதாத எழுத்தாளரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் செருப்பு வைக்கிற இடம் தப்பு, நான் தும்முகிற விதம் தப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சில நாள் ஒன்றுமே சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

"எனக்குச் சொல்லேன், நான் கேக்கறேன்" என்றேன் ஒரு நாள்.

"நீங்களா? ரெண்டாவது வரியிலயே குறுக்க பேசுவீங்க."

பேசுவேன்தான். இல்லையென்று சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கடைவாய்ப்பல் வலி வந்து சேர்ந்தது. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியவன், என் பல்லை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. ஒரு பக்கமாக மென்று சமாளித்தேன். கன்னம் வீங்கிவிட்டது. "வாயில என்ன, பந்தா வெச்சிருக்கீங்க?" என்றவள், மறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் மகளிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த நாற்காலியில் அதற்கு முன் நான் படுத்ததே இல்லை. ஊசி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். மகள் பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

"அப்பா, தொறங்கப்பா. வெளிய ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

திறக்க முடியவில்லை. அவள் டிவியைப் போட்டாள். ஒரு பூனை எதையோ துரத்திக்கொண்டு ஓடியது.

"அத அணைச்சிடு. உங்கம்மாவக் கூப்பிடு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் மனைவி கைப்பையோடு வந்து நின்றாள்.

"கத சொல்லு."

"அதான் விட்டாச்சே."

"அப்ப என் பல்லையும் விட்டுடுங்க. நான் எந்திரிச்சுப் போறேன்."

நான் நடிக்கிறேனா என்று அவள் பார்த்தாள். நடிக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து, நாற்காலியின் கைப்பிடி வழுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவள், கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தாள். அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"ஒரு ஆடு. அதுக்கு லைப்ரரில வேலை கெடச்சுது. வேலைக்குச் சேந்த மறுநாளே எல்லாப் புத்தகத்துலயும் கடைசிப் பக்கத்தக் காணோம். எல்லாரும் ஆட்டத் திரும்பிப் பாத்தாங்க. 'சத்தியமா நான் இல்ல. நான்தான் டப்பால புல்லு கொண்டு வரேனே'ன்னுச்சு ஆடு. யார் நம்புவாங்க?"

ஆட்டுக்கு எவன் வேலை கொடுத்தான் என்று கேட்கப்போனேன். அதற்குள் நாக்கு மரத்துப்போய்ப் புரளவில்லை.

"'திருடனப் பிடிச்சுக் குடு, இல்லேன்னா வேலையில்ல'ன்னுட்டாங்க. லைப்ரரியப் பூட்டினதும் ஆடு அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. கொஞ்ச நேரத்துல மெல்லுற சத்தம். கறக், கறக். ஆடு மெதுவா கழுத்த நீட்டி எட்டிப் பாத்துச்சு. அங்க..."

நிறுத்தினாள். என் வாய் அகலமாகப் பிளந்திருந்தது. இதுதான் பிடுங்குகிற நேரம். ஆனால் குறடு வரவில்லை. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். என் கெட்டிக்கார மகள் குறட்டை அந்தரத்தில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவிடுக்கில் நர்ஸும், கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு தடித்த மனிதரும் நின்றிருந்தார்கள்.

"அங்க யாரும்மா?" என்றாள் மகள்.

"நீ முதல்ல பல்லப் பிடுங்குடி" என்றாள் என் மனைவி. தலைகீழாக இருந்த அவள் கண்ணில் நீர் கட்டியிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று மகள் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அங்க யார் இருந்தாங்கன்னு எனக்கே இன்னும் தெரியல" என்றாள். "பெரிய லைப்ரரியனா? சப்புன்னு இருக்கு. எலியா? எலின்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்." தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டே வந்தவள், திடீரென்று என் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். யாரென்று எனக்குச் சொல்லவில்லை. பேனாவைத் தேடி எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் எழுந்தேன். அவள் நிமிரவே இல்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டேன். பஸ் கிளம்பியது. வாயில் பஞ்சு இருந்ததால் சொல்ல முடியவில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.