வீட்டோடு போன புருஷன்

ஆற்றோரத்து மதகடி நகரை இடித்தபோது அஞ்சலாட்சியின் வீட்டை மட்டும் இடிக்கவில்லை. முழுசாகத் தூக்கிக்கொண்டு போய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். உள்ளே அவள் புருஷன் கன்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். மீன் மார்க்கெட்டில் ராத்திரி வேலை பார்ப்பவன் பகலில் தூங்காமல் வேறென்ன செய்வான்? அவனையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சிக்கும் பிள்ளைகளுக்கும், காற்று நன்றாக வரும் என்று சொல்லி, ஊருக்கு வெளியே மாடி வீடு ஒதுக்கினார்கள். புருஷனைக் கேட்டதற்கு, அது இப்போது பொதுமக்கள் சொத்து என்றார்கள். பார்வை நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம், தடையில்லை.

பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. இன்று அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது என்று கிளம்பிவிட்டாள்.

அருங்காட்சியகம் மதகடி நகர் இருந்த அதே இடத்தில்தான் இருந்தது. ஜனங்களை விரட்டிவிட்டு, விரட்டிய இடத்திலேயே, விரட்டப்பட்டவர்களின் நினைவாகக் கட்டியிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் அழுததோடு நிற்கவில்லை, ஏசி போட்ட மண்டபமும் கட்டிவிட்டது.

வாசலில் சுபிக்ஷா என்ற புது வழிகாட்டிப் பெண் கழுத்தில் அட்டையோடு நின்றாள்.

"வாங்க மேடம். ஆராய்ச்சிக்கு வந்திருக்கீங்களா, சுற்றுலாவா?"

"எங்க வூட்டுக்கு வந்துகீறேன்."

"அப்ப சுற்றுலா," என்றாள் சுபிக்ஷா.

உள்ளே நடைபாதை நீண்டுகொண்டே போனது. மாடி வீட்டுக்கும் பழைய இடத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம். பாதி வழியில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. டிபன் டப்பாவோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை அஞ்சலாட்சிக்குத் தெரியும்.

"இதுல பஸ் வராது மேடம். வராததுதான் காட்சி," என்றாள் சுபிக்ஷா.

அடுத்த அறையில் ஆறு ஓடியது. தண்ணீரைத் துடைத்துப் பளிச்சென்று விட்டிருந்தார்கள். நாற்றத்தைத் தனியாகப் பிரித்து ஒரு கண்ணாடி ஜாடியில் அடைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் வரும். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் அழுத்திப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கணவரிடம், "எப்படித்தான் இருந்தாங்களோ!" என்றாள்.

அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு குழாய் போட்டு ஆற்றில் விட்டது. நாற்றத்துக்குப் பழி மட்டும் கரையில் இருந்தவர்கள் மேல்.

"உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே மேடம்," என்றாள் சுபிக்ஷா. "அழணும்னா வலது பக்கம் அறை இருக்கு. கைக்குட்டையும் தருவாங்க."

"எனக்கு அழுவ வரல. கோவம் வருது."

சுபிக்ஷாவுக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. "கோபத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கல மேடம். அடுத்த கட்டத்துல பண்றதா இருக்காங்க."

கடைசி மண்டபத்தில் வீடு இருந்தது. அதே தகரம், அதே நீலக் கதவு. சுற்றிலும் சிவப்புக் கயிறு. கன்னியப்பன் பாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். 'ஆண். நடுத்தர வயது. தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். இடிப்பதற்கு முன் கதவில் எழுதிய அதே நம்பரை அவன் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள்.

"இன்னாமே, இளைச்சி பூட்ட? பசங்க துன்னுச்சிங்களா?" என்றான்.

"துன்னுச்சிங்க. எயிந்து வாய்யா, போலாம்."

"எப்படிமே வர்றது? நான் வெளிய கால வச்சா வூடு காலி. காலின்னா இடிச்சிடுவானுங்க. குந்தினுகீற வரைக்கும்தான் வூடு."

"அதுக்குன்னு இப்டியே கெடப்பியா?"

"கெடக்கறது எங்க? தூங்கியே எத்தினி நாளாச்சி. தூங்குனா தூக்கினு பூடுறானுங்களே."

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

அப்போது மணி அடித்தது. பார்வையாளர்கள் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு காட்சி உண்டு. ஜேசிபி வரும், கன்னியப்பன் கை கூப்புவான், கதவுக்கு ஒரு சாண் முன்னால் ஜேசிபி நிற்கும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

காப்பாட்சியர் ஒலிபெருக்கியோடு வந்தார். அருங்காட்சியகத்துக்கு அவர்தான் தலைவர். "வீட்டில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும். போதிய அவகாசம் தரப்பட்டுவிட்டது," என்று வழக்கம்போலச் சொன்னார். பிறகு நாற்காலிகளின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இடிக்காமல் நிறுத்துவதில் திருப்தி இல்லை என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அதனால் இன்று நிஜமாகவே இடிக்கிறோம்."

ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜேசிபி உறுமிக்கொண்டு வந்தது.

அஞ்சலாட்சி கயிற்றைத் தாண்டினாள்.

"மேடம், பார்வையாளர்கள் உள்ள போகக் கூடாது!"

"பார்வையாளரு நீ. நான் வூட்டுக்காரி."

உள்ளே போனாள். மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வந்தாள். ஜேசிபியின் பல்லுக்கு நேர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே வயதான ஜனங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வரிசையில் வைத்த குடத்தை வைத்தவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. குடம் நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம். ஏழு வருஷம் பேசாத பங்காளியும் தொட மாட்டான். தலைகால் தெரியாத குடிகாரனும் சுற்றிக்கொண்டுதான் போவான்.

ஜேசிபி ஓட்டிய ஏகாம்பரம் இன்னொரு ஆற்றோரத்துக்காரன். இஞ்சினை அணைத்துவிட்டான்.

"இன்னாக்கா, கொடத்த வச்சிட்ட?"

"வச்சிட்டேன்."

"அப்ப நான் இன்னா பண்றது?" என்று கீழே இறங்கிவிட்டான்.

"அதை ஒதுக்கிட்டு இடிய்யா," என்றார் காப்பாட்சியர்.

"வரிசைக் கொடம் சார். தொட்டா எங்க ஆயாவே என்ன வூட்ல சேக்காது."

காப்பாட்சியர் காவலாளிகளைப் பார்த்தார். அவர்களும் எங்கெங்கோ ஆற்றோரத்திலிருந்து வந்தவர்கள். எல்லோரும் கூரையை ஆராய்ந்தார்கள்.

அதற்குள் குடத்துக்குப் பின்னால் பட்டுப்புடவை அம்மாள் வந்து நின்றிருந்தாள். வரிசை என்று ஒன்று தெரிந்தால் எதற்கு என்று கேட்காமல் நின்றுவிடுவது நம் ஜனங்களின் சுபாவம். அவளுக்குப் பின் அவள் கணவர், அவருக்குப் பின் ஒரு பேராசிரியர், பிறகு மொத்த மண்டபமும் எழுந்து வந்துவிட்டது.

காப்பாட்சியர் தாமே குனிந்து குடத்தில் கை வைக்கப் போனார்.

"யோவ்! வரிசையில வாய்யா!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

அவர் தட்டுத்தடுமாறி வரிசையின் கடைசியைத் தேடிப் போனார். ரொம்ப தூரம் போனார்.

அஞ்சலாட்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை நாள் இடமில்லாமல் அலைந்த கோபம் இப்போதுதான் உட்கார ஒரு இடம் கண்டிருந்தது.

சுபிக்ஷா கதவைத் தட்டினாள். "மேடம், வரிசை எங்க ஆபீஸ் அறை வரைக்கும் அடைச்சிடுச்சு. நாங்கல்லாம் எங்க போறது?"

"ஊருக்கு வெளிய எடம் குடுப்பாங்க. காத்து நல்லா வரும்," என்றாள் அஞ்சலாட்சி.

தட்டுவது நின்றது.

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். புடவை முந்தானையால் கன்னியப்பனின் முதுகைத் தேய்த்துப் பார்த்தாள். பெயிண்ட் போகவில்லை. வாசலை அடைத்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ தூங்குய்யா," என்றாள். "நான் குந்தினுகீறேன்."