வெள்ளத்தில் போனவரும் பேசும் படத்தில் வந்தவரும்

1928ஆம் ஆண்டு, மாத்தளைப் பட்டணத்தில் புஹாரி போட்டிருந்த படக் கூடாரத்தில் ஓடிய ஊமைப் படத்தின் வெள்ளம் திரையைத் தாண்டி வெளியே வந்து, தரையில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் அழகர்சாமியை உள்ளே அடித்துக்கொண்டு போனது. இடுப்பளவுத் தண்ணீர். மற்றவர்கள் கூடாரக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அழகர்சாமி சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்ததால் அவருக்குக் கை ஒழியவில்லை. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு இறக்குவது அவர் வேலை. மறுநாள் காட்சியில் அவர் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. அரசனின் படைவீரர்களுக்கு நடுவே, பனியனும் சாரமுமாக, யாரோ கொடுத்த ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி நல்லம்மா திரைக்குக் கிட்டப் போய் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஊமைப் படம் ஆனபடியால் அவருக்குக் காது கேட்கவில்லை.

வீட்டிலும் அவர் அதிகம் பேசியவரல்ல. சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போய் வந்தால் கை மட்டும் பேசும். ஆகவே அக்கம்பக்கத்தார் நல்லம்மாவுக்கு எந்த மாதிரி ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவள் வண்டியைத் தானே ஓட்டத் தொடங்கினாள். படம் கண்டி, கம்பளை என்று சுற்றிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை மாத்தளைக்கு வரும்போது முன்னால் உட்கார்ந்து பார்ப்பாள். ரீல் தேயத் தேயப் படத்துக்குள் கோடு கோடாக மழை விழுந்தது. அரசனுக்கு மேலே குடை பிடிக்க ஆள் இருந்தது. அழகர்சாமி நனைந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் நல்லம்மா முதன்முதலாக அழுதாள். பிறகு ரீல் கண்டியில் ஒரு கிடங்குக்குள் போய்விட்டது.

1937இல் அதே கதை பேசும் படமாக வந்தது. மதராஸ் கம்பெனிக்காரர்கள் பழைய படத்தைப் போட்டுப் பார்த்து, ஒன்றும் விடாமல் எடுத்திருந்தார்கள். படைவீரர்களுக்கு நடுவே பனியன் போட்ட ஓர் ஆள் ஏன் நிற்கிறான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும் என்று அதற்கும் ஓர் ஆளைப் பிடித்துப் போட்டார்கள். மற்றபடி அரசன் வாய் திறந்தால் பாட்டு, அரசி மயங்கி விழுந்தால் பாட்டு, யானைகூடத் தாளம் தப்பாமல் பிளிறியது. புடவைக் கடை ஸெய்னுலாப்தீன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பழைய படத்துக்குக் கிட்டவும் வராது. வெள்ளம் கணுக்கால் வரைக்கும்தான் வருது. சத்தம் மட்டும் மகாவலி ஆறு கணக்கா."

பனியன் போட்ட ஆள் வந்ததும் நல்லம்மா எழுந்து நின்றாள். "யாருங்க நீங்க? அது எங்க வீட்டுக்காரரு நின்ன எடம்."

பேசும் படம் ஆனபடியால் அதற்குக் காதும் கேட்டது. ஈட்டியோடு நின்றவர் திரும்பினார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன். பேரு அழகர்சாமின்னு சொல்லிக்கச் சொன்னாங்க." அதற்குள் வெள்ளம் வந்து அவரை வெளியே தள்ளிவிட்டது. படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஈரச் சாரத்தோடு அங்கேயே நின்றார். நல்லம்மா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஊர் இரண்டு வருடம் இதைப் பேசியது. பழையவருக்கு நெஞ்சுரம் அதிகம், புதியவருக்கு மூக்கு எடுப்பு என்றார்கள். புதியவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் சோற்றுக்குத் தேங்காய்ச் சம்பல் கேட்பதென்றாலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுதாகப் பாடித்தான் கேட்பார், அதற்குள் சோறு ஆறிவிடும். மாடுகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. நல்லம்மா அவருக்கு மாட்டுக்கொட்டிலில் பாய் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குள் கூப்பிட மனம் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை. கடைசியில் புஹாரியிடம் போனாள். "புஹாரி நானா, அந்தப் பழைய படத்த ஒருக்கா போடுங்க. அவருகிட்ட கேட்டுறணும்."

புஹாரி கண்டிக்குப் போய் ரீலை எடுத்து வந்தார். அழகர்சாமிக்குக் காது கேட்காது என்பதால், நல்லம்மா சொல்லச் சொல்ல ஒரு பலகையில் சோக்குக் கட்டியால் எழுதித் திரைக்கு முன்னால் பிடித்தார். வீட்டுக்கு இன்னொருவர் வந்திருக்கிறார், நீங்கள் வருகிறீர்களா என்று கேள்வி. அழகர்சாமி குனிந்து படித்தார். நல்லம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற புதியவரை மேலும் கீழும் பார்த்தார். அரசன் யுத்தத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பிறகு திரையில் எழுத்து வந்தது. புஹாரி அதை வாசித்தார்.

"அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேக்கிறாரு."

"என்னைய விட நல்லா ஓட்டுவாருன்னு எழுதுங்க."

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்னு சொல்றாரு. படத்துக்குள்ள சோலி கொறவாம்."

அவர் தன்னைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நல்லம்மா எழுத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ரீல் தேய்ந்ததில் முழங்காலளவாகிவிட்ட வெள்ளம் வந்து திரும்பியபோது தன் கையிலிருந்த குடையை அதில் விட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் படத்தில் படைவீரர்களுக்கு நடுவே ஒருவர் கறுப்புக் குடையோடு நிற்பதைக் காணலாம். அது பழைய படத்தின் தரத்தை இன்னும் கூட்டிவிட்டது என்று ஸெய்னுலாப்தீன் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நல்லம்மா கொட்டிலில் கிடந்த பாயை எடுத்து உள்ளே போட்டாள். சரணம் பாடக் கூடாது என்பது மட்டும் அவள் போட்ட நிபந்தனை.

யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் போட்டபோது ஊர்த் தலைவரான ஆராச்சி வீடு வீடாகப் பெயர் எழுதினார். நல்லம்மா இரண்டு அழகர்சாமி என்று சொன்னாள். ஆராச்சி மறுக்கவில்லை, நெற்றியைச் சொறிந்து யோசித்தார்.

"படத்துல இருக்கிறவருக்கு அரசன் சோறு போடுறான் தானே? அவருக்குக் கெடையாது, தங்கச்சி."

வீட்டிலிருப்பவருக்கு அரிசி எழுதினார். பாடுகிறவருக்குத் தொண்டை காயும் என்று கொஞ்சம் சீனியும் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.