தலைமாட்டில் கருட சேவை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட கோமளம் அம்மாள், காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டு, அசையாமல் படுத்திருந்தார். மயிலாப்பூரில், பெருமாள் கோயிலின் வடக்கு வீதியில், மாடி வீடு. வீதியைப் பார்த்த ஒரே ஜன்னல் அவர் தலைமாட்டில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த ஜன்னலில் நின்றுதான், பெருமாள் கருட வாகனத்தில் வீதிவலம் வரும் கருட சேவையை அவர் கண்டிருக்கிறார். இந்த வருஷச் சேவைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

கட்டிலைத் திருப்பிப் போட்டால் ஜன்னல் தெரியும். ஆனால் தலை வடக்கே போய்விடும். காலோ கோயிலைப் பார்த்து நீளும். இரண்டுக்கும் கோமளம் அம்மாள் இணங்க மாட்டார்.

"வாத்திய சத்தம் காதுல விழுமே, போறும்னா," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் 'போறும்' அவருடைய கணவர் ஸ்ரீனிவாசராகவனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பம்பாய்க்குக் குடிபோன அவர் தம்பி விட்டுச்சென்ற தோல்பெட்டி பரணில் இருந்தது. அதில் ஒரு காமிரா, நீண்ட லென்ஸ், முக்காலி. அவற்றோடு வந்த, முழங்கைபோல் மடங்கிய சிறு குழாய் ஒன்றைத் தையல் மிஷினின் உதிரி பாகமென்று எண்ணிக் கோமளம் அம்மாள் மிஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தார். ஸ்ரீனிவாசராகவன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, லஸ் முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஷஃபியுல்லாவிடம் போனார்.

"இன்னா சார், மிஷின் பார்ட்டெல்லாம் எத்துகினு வந்துட்டீங்க?" என்று சிரித்த ஷஃபியுல்லா, குழாயை இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு காமிராவில் கண் வைத்துப் பார்க்குமிடத்தில் அதைப் பொருத்திப் பார்த்தார். அது டக்கென்று மாட்டிக்கொண்டது.

"அட! தரையில கீற பூவப் படம் புடிக்கிறதுக்கு சார் இது. தரையோட தரையா படுக்க வாணாம். மேலேர்ந்து குனிஞ்சு பாத்தா போதும்."

"தவறா நினைச்சுக்கப்படாது. குழாயைக் கீழ்ப்பக்கம் திருப்பிண்டு, படுத்துண்டே நிமிர்ந்து பாக்கலாமோ?"

"படுத்துகினு போட்டோவா? இன்னா பிளான்ல கீறீங்க சார்?"

விஷயத்தைக் கேட்டதும் ஷஃபியுல்லா கிண்டலை விட்டுவிட்டார். கருட சேவைக்கு முதல்நாளே வீட்டுக்கு வந்து, தலையணைக்கு மேலே காமிரா நிற்கும்படி முக்காலியை நிறுத்தி, லென்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கோமளம் அம்மாள் மல்லாந்தவாறே கண்ணை வைத்தார், கோபுரம் தெரிந்தது. கோபுரத்துக்கு இடமும் வலமும் ஒன்றுதானே? ஆகவே யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேளச் சத்தம் நெருங்கியது. ஷஃபியுல்லா லென்ஸை வீதிக்குத் தாழ்த்திப் பிடித்தார்.

"குடை தெரியறது! கருடாழ்வார்!" என்ற குரல் மறுகணமே அலறியது. "ஏன்னா! பெருமாள் அப்பிரதட்சிணமா ஏள்றாரே! எப்பவும் வர பக்கத்தை விட்டுட்டு எதிர்ப்பக்கத்துலேந்து வராரே!"

"அம்மா, உள்ள கண்ணாடி கீது. அதான் மாத்திக் காட்டுது," என்று பதறினார் ஷஃபியுல்லா.

"இருக்கட்டும். வலமா வரவரை இடமா பாக்கற பாவம் எனக்கு வேண்டாம்." கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது.

ஸ்ரீனிவாசராகவன் ஜன்னல் வழியே வீதியை எட்டிப் பார்த்தார். நடந்தால்தானே வலமும் இடமும்? நின்றுவிட்டால்?

பேருந்தில்கூட நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கும் மனிதர், மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி வீதியின் நடுவே கைகூப்பி நின்றார்.

"நில்லுங்கோ! தயவுபண்ணி ஒரு க்ஷணம் நில்லுங்கோ!"

வாகனத்தின் முன்தண்டைத் தோளில் தாங்கியிருந்தவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "என்ன மாமா, இந்த வருஷம் உங்காத்துத் தேங்காய்ப் பழத் தட்டு கிடையாதுன்னேளே?"

"தட்டு இல்லை. மேல ஆத்துக்காரி இருக்கா. பெருமாளைக் கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கமா திருப்பி ஏளப்பண்ணணும்."

அனைவரும் அண்ணாந்தார்கள். "மாமி ஜன்னல்ல பீரங்கின்னா வெச்சிருக்கா!" என்றார் ஒருவர். சிரிப்பினூடே வாகனம் மெல்லத் திரும்பி வீட்டைப் பார்த்து நின்றது.

"கோமளம்! பெருமாள் நின்னுண்டிருக்கார்! கண்ணைத் திற!"

அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்த வீதி கேட்டதில்லை. மேளக்காரரும் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

பிறகு, மாடியில் படுத்த படுக்கையிலிருந்தே, வீதி முழுவதும் கேட்கும்படி குரல் வந்தது:

"சேவிச்சாச்சுன்னா! நன்னா, கிட்டத்துல சேவிச்சேன்! சங்கும் சக்கரமும் கை மாறித் தெரியறது, போகட்டும், அதை நான் மனசுல மாத்திண்டுட்டேன். ஆனா கருடாழ்வார் மூக்குல வர்ணம் உரிஞ்சிருக்கே! கீழ இத்தனை பேர் இருக்கேள், ஒருத்தர் கண்ணுலயும் படலையா? பட்டர்கிட்ட சொல்லுங்கோ!"

வாகனத்தின்மேல் நின்றிருந்த பட்டர், மாலையை விலக்கிக் கருடாழ்வாரின் மூக்கைக் குனிந்து பார்த்தார்.