இருநூற்றுப் பதினோரு இலக்கங்கள்

இரண்டு வருடம் எட்டு மாதம் இடைவிடாமல் ஓடிய நாற்பது கணினிகள், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு விடையைச் சொல்லின. விடை: மூன்று.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பையோடு நான் வாசலில் நின்றேன்.

"கிடைச்சிடுச்சாக்கா?"

"கிடைச்சிடுச்சு," என்றாள், கீழே விழுந்தவள் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதுபோல.

அக்காவின் ஆராய்ச்சி மொத்தமும் ஒரே ஒரு எண். இருநூற்றுப் பதினோரு இலக்கங்கள். அது பகு எண் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. எந்த எண்களைப் பெருக்கினால் அது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. இப்படி இன்னும் உடைபடாத எண்களின் பழைய பட்டியல் ஒன்றிலிருந்து அவள் எடுத்தது. கணிதத்தில் இப்படி ஒரு வசதி. வீட்டுக்குள் திருடன் இருப்பதை உறுதி செய்துவிட்டு, எந்த அறையில் என்று ஆயுள் முழுக்கத் தேடலாம். அக்காவுக்கு ஆயுள் முழுக்க நேரமில்லை. இன்னும் ஒன்பது நாளில் ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. காரணிகள் கிடைத்தால் பட்டம், கிடைக்காவிட்டால் வீடு. "அவ ஒரு நம்பரை உடைச்சிட்டு இருக்கா" என்று அம்மா சொல்லிச் சொல்லியே, அவள் கல்குவாரியில் வேலை பார்ப்பதாக எங்கள் அத்தைகளில் பாதிப் பேர் நம்பினார்கள்.

பேராசிரியர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினார். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

"மூணால வகுபடுதேம்மா. ஸ்கூல் பசங்களே கூட்டிப் பாத்துச் சொல்லிடுவாங்களே."

"நம்ம எண் வகுபடாது சார். பட்டியல்லயே போட்டிருக்கு. அதனாலதான் சின்ன எண்களுக்கான சோதனைய நிறுத்தி வெச்சேன்."

"அப்போ இது நம்ம எண் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தப்பு என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்.

அக்கா பழைய பட்டியலின் தாளை எடுத்து ஒப்பிட்டாள். வரிக்கு ஐம்பது என்று நான்கு வரிகள், கடைசியில் பதினோரு இலக்கம் மட்டும் ஒரு குட்டி வரி. அந்தக் குட்டி வரியில், தாளில் நான்கு இருந்த இடத்தில் திரையில் ஐந்து இருந்தது. விசைப்பலகையில் பக்கத்துப் பொத்தான்.

"என் விரல்தான்டா," என்றாள்.

அந்த எண்ணை ஏற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாசிக்க அவள் தட்டினாள். பிறகு அவள் திரையைப் பார்த்து வாசிக்க, நான் தாளைப் பார்த்து ஒவ்வொரு இலக்கத்துக்கும் "சரி" சொல்ல வேண்டும். இருநூறு தடவை ஒழுங்காகப் பார்த்துச் சொன்னேன். கடைசி வரிக்கும் பதினோரு "சரி" சொன்னேன். அப்போது ஒரு பழைய உறையின் மேல் பேராசிரியரின் மூக்கை வரைந்துகொண்டிருந்தேன். மூக்கு நன்றாக வந்தது.

"ரெண்டு பேர் கண்ணுக்கும் தப்பிச்சிருக்கு பாரேன்," என்றாள் அக்கா.

"எனக்குத் தப்பலக்கா. நான் பாக்கவே இல்ல. சும்மா சரி சரின்னு சொல்லிட்டு சாரோட மூக்க வரைஞ்சிட்டு இருந்தேன்."

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "எனக்காகப் பொய் சொல்லாதடா. உன் மூஞ்சிக்கு அது வரல."

"நிஜமாத்தான்க்கா. சத்தியமா."

"போதும், எரும. போன வருஷம் லேப்ல தீப்பிடிச்சிருச்சுன்னும் இப்படித்தான் சத்தியம் பண்ண."

பண்ணியிருந்தேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். அன்று எனக்குச் சிரிப்பு அடங்க அரைமணி நேரம் ஆனது.

அக்கா ஐந்தை அழித்து நான்கைத் தட்டினாள். சரியான எண்ணுக்கு இன்னொரு இரண்டு வருடம் எட்டு மாதம் வேண்டும். கையில் ஒன்பது நாள்.

"அறிக்கையிலயாவது சரியான எண் போகட்டும். தாளை எடு. வாசிக்கிறேன்."

வாசித்தாள். நான் தாளில் விரலை வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்து, இருநூற்றுப் பதினோரு தடவை "சரி" சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது.